நனையாத சின்னக் கிளாசு

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் விஜயரட்ணத்திடம் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, துரைக்கு எதிரே நிமிர்ந்து பேசும் துணிச்சலும் இல்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம் நினைப்பு. அதுவும் பெரிய நினைப்பு ஒன்றுமில்லை. கடவுளைப் பற்றியோ தேசத்தைப் பற்றியோ நினைத்திருந்தால் நாலு பேர் மதித்தாவது இருப்பார்கள். அவருக்கு வந்ததெல்லாம் தும்மல் மாதிரி, கேட்காமல் வருகிற நினைப்பு. இடது காற் சப்பாத்து ஏன் வலதை முந்திக்கொண்டு தேய்கிறது? இரண்டு காலும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரே ஆஸ்பத்திரிக்குத்தானே போகின்றன? கொட்டாவி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறதே, பசி ஏன் தொற்றுவதில்லை? செர்காம் பக்கம் கடலுக்கு மேலே கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

யாழ்ப்பாணத்திலிருந்து அவர் மலாக்காவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது எட்டுக் கட்டில் போட்ட ஒரு தகரக் கொட்டகை. மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் மோட்டாரில் வருவார், கட்டில்களைப் பார்ப்பார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ் மூன்று பேரும் விஜயரட்ணம் ஒருவரே. அந்த வேலையில் அவர் ஒழுங்கானவர் என்றுதான் பெயர். போத்தல்கள் எல்லாம் உயர வரிசையில் நிற்கும். கத்தரிக்கோல் எப்போதும் மூக்கை வடக்கே நீட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

நாள் தவறாமல் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் எடுக்கிற பெரட்டு நடக்கும். கங்காணி தங்கையா ஒருபக்கம் பெயர் எடுப்பார். மறுபக்கம் மேசை போட்டு, அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு, டிரசர் ஆளுக்கொரு கிளாசு, மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கிற கசப்பான கொயினாத் தண்ணி ஊற்றிக் கொடுப்பார். குடிக்கிறவர்கள் லேசுப்பட்டவர்களா? வாயிலே அடக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் மரத்தடியில் துப்பிவிடுவார்கள். அதற்கு விஜயரட்ணம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். குடித்தவர் கிளாசைத் திருப்பிக் கொடுக்கும்போது தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். மருந்தை வாயில் வைத்துக்கொண்டு முனியாண்டி என்று சொல்ல எந்த முனியாண்டியாலும் முடியாது. பெயர் காதில் விழுந்ததும் பென்சில் புத்தகத்தில் ஒரு கோடு போடும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத் துரையே ஒருநாள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மேசைமேல் இரண்டு கிளாசு இருக்கும். பெரியது ஊருக்கெல்லாம். சின்னது பெத்தம்மாள் ஒருத்திக்கு மட்டும். அவளுக்கு ஏழு மாதம். புல்லு வெட்டும் கூட்டத்தில் லேசான வேலைக்கு மாற்றியிருந்தார்கள். இதற்கு முன்னே இரண்டு பிள்ளை குறைமாதத்தில் போய்விட்டன. இரண்டும் போனது இந்தத் தகரக் கொட்டகையில், மூன்றாம் கட்டிலில். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொயினா கூடிப்போனால் நேரத்துக்கு முன்னாலே வலி எடுத்துவிடும் என்று அவர் படித்த புத்தகத்தில் இருந்தது. அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். அதனால்தான் சின்னக் கிளாசு.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை. மழையோடு காய்ச்சலும் வந்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் லயமாகப் படுக்கப் போட்டிருந்ததால், அந்த வாரம் மட்டும் கொயினாவை ஒன்றரை மடங்கு ஆக்கச் சொல்லித் துரையிடமிருந்து உத்தரவு. அந்த வாரத்து வியாழக்கிழமை காலையில்தான் அது நடந்தது.

ஊற்றிக்கொண்டே இருந்தபோது விஜயரட்ணத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. கசப்பைக் குடிக்கிறவர்கள் ஏன் கண்ணை மூடுகிறார்கள்? கசப்பு நாக்குக்குத்தானே, கண்ணுக்கு அதில் என்ன வேலை? சரி, கசப்புக்குத்தான் மூடுகிறார்கள் என்றால், போன தைப்பூசத்தில் பஞ்சாமிர்தம் நக்கிய தங்கையாவும் கண்ணை மூடிக்கொண்டல்லவா நக்கினார்? அப்படியானால் கசப்பு உள்ளே வரக்கூடாது என்று ஒரு மூடல், இனிப்பு வெளியே போகக்கூடாது என்று ஒரு மூடலா? கதவு ஒன்றுதானே, இரண்டு வேலைக்கும்? இது ரொம்ப நல்ல கேள்வியாகப் பட்டது. மேலே இருட்டிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டிருந்த ரப்பர்ப் பால்மரக் கிளைகளைப் பார்த்தபடி அதையே புரட்டிக்கொண்டிருந்தார். கை ஊற்றியது. காதில் பெயர்கள் தகரத்தில் விழும் மழை மாதிரி விழுந்தன. பென்சில் தன்பாட்டுக்குக் கோடு போட்டது. வரிசை முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் பின்பக்கத்துக் குழாயடியில் கிளாசுகளைக் கழுவ எடுத்தார். பெரியதில் கசப்பு வாடை. சின்னதைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே காய்ந்த தூசிமேல் ஓர் எறும்பு, வாடகைக்கு இடம் பார்க்க வந்தது மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். பெத்தம்மாள் என்ற பெயருக்கு நேரே கோடு இருந்தது. அவருடைய கோடுதான். அந்தப் பெயரைச் சொன்ன குரலும் காதில் இருந்தது, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால். முகம்தான் இல்லை.

சின்னக் கிளாசு நனையவில்லை, அவள் குடித்திருக்கிறாள். அப்படியானால் எதில் குடித்தாள்?

ஒன்றரை மடங்குக் கொயினா, முழுக் கிளாசு, ஏழு மாத வயிற்றில்.

வீட்டில் மனைவி கிருஷ்ணவேணி தேத்தண்ணியை ஊற்றி மூடி வைத்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததையும் கோப்பையைத் தொடாததையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னப்பா, ஆறிப்போச்சு. இண்டைக்கு என்ன யோசனை? சப்பாத்தோ, கொட்டாவியோ?"

"வேணி, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்."

"துரையோடையோ?"

"இல்லை. அந்தப் பிள்ளைத்தாச்சி, பெத்தம்மாள். அவளுக்குப் பெரிய கிளாசால குடுத்திட்டனெண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியளோ, குடுத்தியளோ?"

"அதுதான் தெரியேல்லை. பேர் கேட்டது ஞாபகம் இருக்கு. ஆளைக் கண்ட ஞாபகம் இல்லை."

"முன்னுக்கு நிண்டவளைக் காணாமல் அப்ப என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

சொல்லக் கூசினார். ஆனாலும் அவளிடம் சொல்லாமல் இருந்து பழக்கமில்லை. "கசப்புக் குடிக்கிற ஆக்கள் ஏன் கண்ணை மூடுகினம் எண்டு..."

மற்ற நாளாயிருந்தால் கிருஷ்ணவேணி சிரித்திருப்பாள். போன மாதம் தைலப் போத்தலை வெட்டைவெளியில் மறந்துவிட்டு வந்தபோதுகூட ஒரு நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான். இன்று சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"எழும்புங்கோ. இஞ்சை இருந்து என்னைப் பாத்து என்ன செய்ய? போய் அவளைப் பாருங்கோ. வலி ஏதும் எடுத்திருக்கோ, தலை சுத்துதோ எண்டு வடிவாக் கேளுங்கோ."

"எடுத்திருந்தால்?"

"எடுத்திருந்தால் நீங்கள்தானே டிரசர். நானோ?"

மருந்துப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். புல்லு வெட்டும் கூட்டம் அன்றைக்குப் பன்னிரண்டாம் நம்பர் காட்டில். செம்மண் பாதையில் மழைக்குழி. பயம் வயிற்றில் இருக்கும்போது முதலில் தளர்வது முழங்கால், அந்தச் சேதியை அங்கே கொண்டுபோவது யார் என்று ஒரு நினைப்பு வந்தது. விரட்டினார். சைக்கிள் சக்கரத்தின் மேல்பாதி முன்னுக்கு ஓடுகிறது, கீழ்ப்பாதி பின்னுக்கு ஓடுகிறது, அப்படியிருந்தும் சக்கரத்துக்குள் சண்டை வருவதில்லை என்று இன்னொன்று. "சனியனே!" என்று வாய்விட்டே கத்தினார். பாதையோரம் தூங்கிய நாய் எழுந்து, தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, தள்ளிப் போய்ப் படுத்தது.

பன்னிரண்டாம் நம்பரில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். குடையை ஊன்றிக்கொண்டு தங்கையா நின்றார். பெத்தம்மாளைக் காணோம்.

"பெத்தம்மா எங்கே?" என்றார் விஜயரட்ணம். ஆட்களிடம் பேசும்போது யாழ்ப்பாணப் பேச்சைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு அவர்கள் பேச்சில் பேசப் பழகியிருந்தார்.

"இப்பத்தான்யா ஆத்துப் பக்கம் போனா," என்றாள் ஒருத்தி, கிழக்கே கை காட்டி.

அதே நேரத்தில் முனியாயி மேற்கே கை காட்டினாள். "தண்ணி குடிக்கப் போயிருக்காய்யா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லாரும் இன்னும் வேகமாகப் புல்லு வெட்டத் தொடங்கினார்கள்.

"என்ன கங்காணி, ஆள் வந்திருக்கா இல்லையா?"

"பேரு இருக்குய்யா," என்றார் தங்கையா. "காலைல குரல் குடுத்தா, நான்தானே எடுத்தேன். ஆளு எங்கியாச்சும் இங்கதான் இருக்கும்லா. பொம்பளயாளு எங்கெங்க போவுதுன்னு நான் பின்னாலயே போய்ப் பாக்க முடியுமா?"

"தலை சுத்துதுன்னு சொன்னாளா? வயிறு வலின்னு ஏதாச்சும்?"

முனியாயிதான் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்தாள். நாற்பது வயசுக்காரி. துரையின் குதிரைக்கே பதில் சொல்கிறவள்.

"ஏன்யா, மூஞ்செல்லாம் இப்பிடி வேத்து ஊத்துது? இன்னிக்கு நீங்களும் ஒரு கிளாசு குடிச்சீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையாவும் குடைக்குள் சிரித்தார். விஜயரட்ணமும் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பு அவருக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

"முனியாயி, விளையாட்டு இல்ல. அவளுக்குக் கூடக் கொடுத்துட்டேன்னு பயமா இருக்கு. எங்கேன்னு சொல்லு."

முனியாயியின் முகம் மாறியது. கடைசியில் புல்லைப் பார்த்தபடி, "இருசம்மாளக் கேளுங்கய்யா. அவ நாத்தனா. அவளுக்குத்தான் தெரியும்," என்றாள்.

இருசம்மாள் பால் வெட்டுகிறவள். அவளுடைய மரங்கள் ஓடைக்கு அந்தப்புறம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பலகைப் பாலம் தாண்டிப் போனார். போகும்போது மனம் ஒரே இடத்தில் சுற்றியது. பெத்தம்மாளை எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார்கள். ஏன் மறைக்க வேண்டும்? காரியம் முடிந்துவிட்டதா? ஓடைப் பக்கம் தனியாகக் கிடக்கிறாளா?

நாலாவது வரிசையில் இருசம்மாளைக் கண்டார். ஒரு மரத்தில் நெற்றியை வைத்துச் சாய்ந்து நின்றாள். கத்தி கீழே கிடந்தது. வெட்டுக்கோடு மரப்பட்டையைத் தாண்டி உள்ளே ஆழமாக இறங்கியிருந்தது. பதினைந்து வருஷமாக மரத்தில் ஒரு காயம் போடாமல் வெட்டுகிறவள் என்று தங்கையா மெச்சுகிற கை அது.

"இருசம்மா!"

திரும்பவில்லை.

"இருசம்மா, பெத்தம்மா எங்கே?"

அப்போதும் திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளுக்கு நேரே நின்று கூப்பிட்டார். அவருடைய நிழல் மரத்தில் விழுந்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஐயா?" என்றாள். தோட்டம் முழுக்கக் கேட்கிற சத்தம். தான் கத்துவது அவளுக்குத் தெரியவில்லை. "காதுக்குள்ள சில்வண்டு கத்துதுய்யா! காலைலேருந்து! நீங்க பேசுறது வாய்தான் அசையுது, சத்தம் வரல! மரமெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது!"

விஜயரட்ணம் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். காதுக்குள் இரைச்சல், செவிட்டுத்தனம், தலைச்சுற்று, எல்லாம் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் உள்ளவை. கொயினா கூடிப்போன ஆள். ஒரு கிளாசில் இவ்வளவு வராது.

அவள் கண்ணுக்கு முன்னே ஒரு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு விரல். புருவத்தை உயர்த்தினார்.

இருசம்மாள் அந்த விரல்களைப் பார்த்தாள். கண் நிறைந்தது.

"ரெண்டுய்யா!" என்று கத்தினாள். "ரெண்டு குடிச்சேன்! ஒண்ணு எம் பேருக்கு, ஒண்ணு அவ பேருக்கு! விடியங்காட்டியும் அவளுக்கு இடுப்பு நோவு கண்டுருச்சு! பெரட்டுக்கு வரலேன்னா கங்காணி லயத்துக்கு வந்துருவாரு, உங்களக் கூப்புடுவாரு, நீங்க தூக்கிட்டுப் போயி அந்த மூணாங் கட்டில்ல போட்டுருவீங்க! போன ரெண்டு வாட்டியும் அதுலதானேய்யா போச்சு! அதான் முக்காட்டப் போட்டுக்கிட்டுத் திரும்ப ஒருக்கா வந்து நின்னேன்! பேரச் சொன்னேன்! நீங்க அண்ணாந்து மரத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க!"

அவர் தன்னையறியாமல் அண்ணாந்து பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா! லயத்துல எல்லாருக்கும் தெரியும்! ஐயா அண்ணாந்துட்டா ஆனை போனாலும் தெரியாதுன்னு!"

முதலில் வந்தது ஆறுதல்தான், அதை மறைத்துச் சொல்வதற்கில்லை. பெத்தம்மாள் குடிக்கவில்லை. சின்னக் கிளாசிலும் இல்லை, பெரிய கிளாசிலும் இல்லை. தன் கை அந்த வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு மூச்சு நீளமாக வெளியே போனது. அது முழுதாகப் போய் முடிவதற்குள் அடுத்தது உறைத்தது. விடியற்காலையில் இடுப்பு நோவு. இப்போது மணி ஒன்பது தாண்டிவிட்டது. தான் ஒரு கிளாசைப் பிடித்துக்கொண்டு காடெல்லாம் சுற்றிய நேரத்தில், அவள் அங்கே தன்னந்தனியே நோவோடு கிடக்கிறாள்.

"மருதமுத்து?" என்று வாயை அகலமாக அசைத்துக் கேட்டார். அவன் பெத்தம்மாள் புருஷன், இருசம்மாளுக்குத் தம்பி.

"ரப்பர் சீட்டு ஏத்திக்கிட்டு மாட்டுவண்டில ஜாசினுக்குப் போயிருக்கான்! சாயங்காலந்தான் வருவான்!"

அவளை அங்கே விட்டுப் போகவும் முடியாது. நாலடி வைத்தாலே சாய்ந்தாள். சைக்கிளை நடுவில் வைத்து, ஒரு பக்கம் அவர் உருட்ட, மறுபக்கம் அவள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு தள்ளாட, பன்னிரண்டாம் நம்பர் வழியாகவே லயத்துக்குப் போனார்கள். டிரசரையாவும் இருசம்மாளும் சைக்கிளும் சேர்ந்து வருவதைப் பார்த்த புல்லு வெட்டுக்காரிகள் கத்தியைக் கீழே வைத்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முனியாயி மட்டும் கூட்டத்தை விட்டு விலகிப் பின்னாலேயே நடந்து வந்தாள். தங்கையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

லயத்துக் கடைசி அறை. கதவைத் தள்ளியதும், பாயில் ஒருக்களித்துக் கிடந்த பெத்தம்மாள் வாயிலிருந்த சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு எழப் பார்த்தாள். இருபது வயசு இருக்கும். முகம் வெளிறி, முடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"ஐயா, வேணாம்யா. அந்தக் கட்டில் வேணாம்யா. நான் இங்கியே கெடக்கேன்."

"கட்டில் இல்ல," என்றார் விஜயரட்ணம். "யாரும் உன்னைத் தூக்கப் போறதில்ல. படு. எப்பலேருந்து நோவு?"

"கோழி கூப்புடுறப்ப."

"எத்தனை நேரத்துக்கு ஒருக்கா?"

அவளுக்குத் தெரியவில்லை. முனியாயி வயிற்றில் கை வைத்துப் பார்க்க, இவர் கைக்கடியாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வயிறு இறுகியது. தண்ணீர் உடையவில்லை. இரத்தம் இல்லை. பிள்ளை வெளிவருகிற கதவு இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. அதை அடைத்தே வைக்க வேண்டும்.

பையிலிருந்து அபின் சேர்ந்த வலியமர்த்தும் மருந்தை எடுத்தார். இருபது துளி. குறைந்தால் கேட்காது, கூடினால் பிள்ளைக்கு ஆகாது. அரை அவுன்சு தண்ணீரில் துளித்துளியாக விடத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாம் துளி போத்தல் வாயில் தொங்கியபோது ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. இந்தத் துளி இப்போது போத்தலுடையதா, கிளாசினுடையதா? விட்டுப் போன நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் நடுவில் அது யாருடையது? துளி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. இப்போது பத்தா, பதினொன்றா?

விஜயரட்ணம் கிளாசை அப்படியே வெளியே வீசி ஊற்றினார்.

"ஏன்யா?" என்றாள் முனியாயி.

"எண்ணிக்கை தப்பிப்போச்சு." கிளாசில் புதிதாகத் தண்ணீர் எடுத்தார். "முனியாயி, நீ என் வாயையே பாத்துக்கிட்டிரு. நான் நிறுத்தினா, மேலே பாத்தா, நறுக்குனு ஒண்ணு கிள்ளு."

"ஐயாவையா?"

"ஐயாவைத்தான்."

உரக்க எண்ணினார். முனியாயி அவர் முழங்கைக்குக் கிட்டே இரண்டு விரலை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நின்றாள். பதினான்காம் துளியில் அவர் கண் கொஞ்சம் மேலே போனதோ என்னமோ, கிள்ளியேவிட்டாள். "பதினஞ்சு!" என்று கத்தினார். வலியிலும் பெத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் வயிறு இறுகியது, அவள் முனகினாள். பதினாறு, பதினேழு. இருபதில் நிறுத்தி, குடிக்கக் கொடுத்தார். அவள் குடித்தாள்.

பிறகு காத்திருந்தார்கள். இருசம்மாள் வாசலில் சுவரோடு சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். நாளைக்குள் காது திறந்துவிடும் என்று முனியாயியிடம் சொன்னார். எட்டு நிமிஷம் பன்னிரண்டானது. பன்னிரண்டு மறுபடி ஒன்பதானது. அப்புறம் பதினைந்து. அப்புறம் இருபத்தைந்து. வெளியே பால் எடுக்கப் போகிறவர்களின் வாளிச் சத்தம் போய், திரும்பி, ஓய்ந்தது. பகல் ஒரு மணி சுமாருக்கு, அரை மணி நேரமாக வயிறு இறுகவே இல்லை என்று முனியாயி சொன்னாள். பெத்தம்மாள் கண்ணயர்ந்திருந்தாள்.

"நோவு நின்னுருச்சேய்யா," என்றாள் முனியாயி மெல்ல. "அப்ப நல்லதுதானே?"

நோவு நிற்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று நல்லது. இன்னொன்று, உள்ளே பிள்ளை உயிரோடு இல்லாமல் போவது. எது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பையின் அடியிலிருந்து, வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற, சின்னப் பம்பரத்தை நீட்டிவிட்டது போன்ற மரக்குழலை எடுத்தார். அகன்ற வாயை அவள் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. இடத்தை மாற்றினார். அவளுடைய சொந்த நாடிதான் தூரத்தில் மொத்தென்று கேட்டது. இன்னும் கீழே, இடப்பக்கம். மூச்சை நிறுத்தினார்.

இருந்தது. சட்டைப் பைக்குள் வைத்த கடியாரத்தைத் துணிக்கு மேலே கேட்கிற மாதிரி, அத்தனை சின்னதாக, அத்தனை வேகமாக.

இருந்தால் போதாது. ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். நூற்றிருபதுக்குக் கீழே என்றால் பிள்ளை களைத்துவிட்டது. அப்போது கட்டிலோ மோட்டாரோ எதையும் யோசிக்காமல் பட்டணத்துக்குக் கொண்டு ஓட வேண்டும். கடியாரத்தைப் பெத்தம்மாளின் பாயில் வைத்தார். பத்துப் பத்தாக எண்ணி, பத்துக்கு ஒரு விரலை மடக்கினார். நாலு விரல் மடங்கியது. உள்ளே இருக்கிறதுக்குப் பகல் எது, இரவு எது? போச்சு. மறுபடி முதலிலிருந்து. ஏழு விரல். எட்டு விரல். இந்தக் குழலுக்கு இரண்டு வாய் இருக்கிறதே, நான் அதைக் கேட்கிறேனா, அது என்னைக் கேட்கிறதா?

நிமிர்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறந்து முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வேறு ஒன்றையும் நினைக்காமல் இருந்ததுண்டா என்று தேடிப் பார்த்தார். ஞாபகமில்லை.

முனியாயி கிட்டே நகர்ந்தாள். இரண்டு விரலைக் கொண்டுவந்து அவர் முழங்கைமேல் வைத்தாள். கிள்ளவில்லை. சும்மா வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை காதை வைத்தார். ஒரு விரல். இரண்டு. நினைப்பு வாசலில் வந்து நிற்பது தெரிந்தது; உள்ளே விடவில்லை. ஆறு. ஏழு. முதுகு வலித்தது. வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது; அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பத்து விரலும் மடங்கி, திரும்ப விரியத் தொடங்கின. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. முள் வட்டம் சுற்றி முடித்தது.

நூற்று முப்பத்தாறு.

அப்படியே பாயோரம் உட்கார்ந்துவிட்டார்.

அவர் குனிந்ததையும் நிமிர்ந்ததையும் கண் துடைத்ததையும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இருசம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஐயா! உசுரு இருக்காய்யா?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கோழியெல்லாம் எழுந்து ஓடின. பெத்தம்மாள் விழித்துக்கொண்டாள்.

"இருக்கு," என்றார். கேட்கவில்லை. "இருக்கு, இருசம்மா, இருக்கு!" அவள் அவருடைய வாயையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள், முகத்தில் அழுகை கூடிக்கொண்டே வந்தது. கண்ணீரைப் பார்த்து வேறுவிதமாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

விஜயரட்ணம் அவள் கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்கார வைத்தார். மணிக்கட்டைத் திருப்பி, உள்பக்கத்தில் ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். இப்போதுதான் கேட்டது காதில் அப்படியே இருந்தது. அதே வேகத்தில், அதே மெதுவான தொடலில் தட்டினார். மறுகையால் பெத்தம்மாளின் வயிற்றைக் காட்டினார்.

இருசம்மாள் விரலைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது.

"ஏன்யா இம்புட்டு அவசரமா ஓடுது?" என்று கத்தினாள். "மெதுவாப் போகச் சொல்லுங்கய்யா! இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

பாயில் கிடந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முனியாயி அவளைச் சிரிக்காதே என்று அதட்டிவிட்டுத் தானும் சிரித்தாள். அந்த வேகம்தான் சரியான வேகம், அப்படி ஓடினால்தான் நல்லது என்று இவளுக்கு எப்படிச் சொல்வது என்று விஜயரட்ணத்துக்குத் தெரியவில்லை. அதனால் தட்டுவதை நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.